நேர்ப்புள்ளியும் இடுக்குப் புள்ளியும்: ஒரு வகைப்பாட்டு முறையின் நிறைகுறைகள்

வடபழனியில் நான் குடியிருக்கும் தெருவில் மார்கழி பிறந்துவிட்டால் விடிவதற்குள் எல்லா வாசலும் தெளித்து முடிந்திருக்கும். முருகன் கோயிலுக்கு நடப்பவர்கள் கோலத்தை மிதிக்காமல் ஓரமாக ஒதுங்கிப் போவார்கள். எதிர்வீட்டு அக்கா மாவுக் கிண்ணத்தை எடுத்ததும் மகளிடம் சொல்வது ஒரே வரிதான்: "ஏழு புள்ளி, நாலு வரை, இடுக்குப் புள்ளி வைடி." அந்த ஒரு வரியில் புள்ளிகளின் ஏற்பாடு முழுவதும் அடங்கிவிடுகிறது. நடுவரிசையில் ஏழு; இருபுறமும் ஒவ்வொன்றாகக் குறைந்து நாலில் நிற்கும்; ஒரு வரிசையின் புள்ளி அடுத்த வரிசையின் இரண்டு புள்ளிகளுக்கு நடுவே விழும். ஆனால் அந்தப் புள்ளிகளின்மேல் எழப்போவது தாமரையா, விளக்கா, சிக்குக் கோலமா என்று அந்த வரி சொல்லாது.

கல்லூரியில் கணிதம் நடத்தும் எனக்கு இந்த வரியைக் கேட்கும்போதெல்லாம் நான் வருடக்கணக்காகப் படித்துவரும் ஒரு கேள்வி நினைவுக்கு வரும். ஒரு வெளியைப் பற்றிய சுருக்கமான கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு, அந்த வெளி இன்னதுதான் என்று சொல்லிவிட முடியுமா? டோரிக் மேனிஃபோல்டு எனப்படும் வெளிகளைக் கோஹோமாலஜி வளையம் என்ற கணக்கைக் கொண்டு இனம்பிரிக்கும் முயற்சி இந்தக் கேள்வியிலிருந்து பிறந்தது. ஏறத்தாழ இருபது ஆண்டுகளாக நடந்துவரும் இந்த முயற்சியின் நிறைகளையும் குறைகளையும் எடைபோடுவதே இக்கட்டுரை. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வளையம் தனியாக நின்று எதையும் தீர்மானிப்பதில்லை. எந்தக் குடும்பத்துக்குள் நின்று கேட்கிறோம் என்பதே விடையில் பாதி. அந்தப் பாதியை மறந்தால் வளையத்தைப் புகழ்வதும் பிழையாகும், பழிப்பதும் பிழையாகும்.

கோலத்திலிருந்து வெளிக்கு

மேனிஃபோல்டு என்பது, எங்கே நின்று பார்த்தாலும் கிட்டத்தில் சாதாரண வெளியைப் போலவே தெரியும் ஒரு வடிவம். பூமியின் பரப்பு நிற்பவருக்குத் தட்டையாகத் தெரிகிறதல்லவா, அதுபோல. டோரஸ் என்பது உளுந்து வடையின் மேற்பரப்பு. அதில் இரண்டு வகையாகச் சுற்றி வரலாம், ஓட்டையைச் சுற்றி ஒன்று, வடையின் உடம்பைச் சுற்றி ஒன்று. இந்த இரண்டு சுற்றுகளையும் தனக்குள் சமச்சீராகக் கொண்ட வெளிகளே டோரிக் மேனிஃபோல்டுகள். பரிமாணம் கூடினால் சுற்றுகளின் எண்ணிக்கையும் கூடும்.

இவற்றை வாசலிலேயே வரையலாம். நேர்ப்புள்ளியாகக் கீழே நாலு புள்ளி வையுங்கள். நடு இரண்டுக்கு நேர் மேலே இரண்டு புள்ளி வையுங்கள். ஓரங்களைக் கோட்டால் சேர்த்தால் ஒரு சரிவகம் கிடைக்கும். இதற்கு ஒரு நிபந்தனை உண்டு. எந்த மூலையிலிருந்தும் இரு பக்கமாக அடுத்த புள்ளி வரை ஓர் எட்டு வைத்து, அந்த இரண்டு எட்டுகளால் ஓர் இணைகரம் வரைந்தால், அதன் நான்கு முனைகளைத் தவிர வேறு புள்ளி அதில் விழக் கூடாது. நம் சரிவகம் இந்த நிபந்தனையை நிறைவுசெய்துவிடுகிறது.

இப்போது சரிவகத்தின் உள்ளே ஒவ்வோர் இடத்தின் மேலும் ஒரு வடைப்பரப்பு நிற்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கத்தை நெருங்க நெருங்க இரண்டு சுற்றுகளில் ஒன்று சுருங்கி மறைகிறது. எந்தச் சுற்று மறைய வேண்டும் என்பதை அந்தப் பக்கத்தின் சாய்வு சொல்கிறது. மூலையில் இரண்டும் மறைந்து ஒற்றைப் புள்ளி மிஞ்சுகிறது. இப்படி எழும் நான்கு பரிமாண வெளிதான் ஹிர்செப்ருக் பரப்பு எனப்படும் குடும்பத்தில் ஒன்று. 1951-இல் ஃபிரீட்ரிக் ஹிர்செப்ருக் என்ற ஜெர்மானிய இளைஞர் இக்குடும்பத்தை எழுதிவைத்தார். கீழே இரண்டு மேலே இரண்டு என்று வைத்தால் சதுரம். அது குடும்பத்தின் முதல் ஆள். கீழே மூன்று மேலே இரண்டு என்பது அடுத்தது. நம் சரிவகம் மூன்றாவது. இப்படியே கீழ்வரிசையில் ஒவ்வொரு புள்ளியாகக் கூட்டிக்கொண்டு முடிவில்லாமல் போகலாம்.

சரிவகத்தின் ஒவ்வொரு பக்கத்தின் மேலும் ஒரு கோளம் நிற்கிறது. பக்கம் நெடுக ஒரே ஒரு சுற்று மிஞ்சுகிறது, அது இரு முனைகளிலும் புள்ளியாகச் சுருங்குகிறது, ஆகவே கோளம். இந்த நான்கு கோளங்களும் ஒன்றையொன்று எத்தனை இடத்தில், எந்தத் திசையில் வெட்டிக்கொள்கின்றன என்ற கணக்கே இங்கே கோஹோமாலஜி வளையத்தின் சாரம். கூட்டவும் முடியும், பெருக்கவும் முடியும் என்பதால் அதற்கு வளையம் என்று பெயர்.

அரிசிமாவில் ஒரு கணக்கு

மேல்பக்கக் கோளத்தை 'மே' என்போம். கீழ்ப்பக்கத்தை 'கீ' என்போம். சாய்ந்த பக்கங்களைச் 'சா' என்போம். வலது சாய்வும் இடது சாய்வும் கணக்கில் ஒன்றுதான் என்பதைச் சரிவகத்தின் சாய்வுகளே சொல்லிவிடுகின்றன. அவை ஒன்றையொன்று தொடுவதில்லை; ஆகவே சா·சா = 0. சாய்வும் மேல்பக்கமும் ஒரு மூலையில் சந்திக்கின்றன; ஆகவே சா·மே = 1. சாய்வுகளிலிருந்து இன்னோர் உறவும் கிடைக்கிறது: கீ = மே + 2சா. மேல்பக்கமும் கீழ்ப்பக்கமும் சந்திக்கவே இல்லை; ஆகவே கீ·மே = 0. இவற்றைச் சேர்த்தால் மே·மே = −2 என்று வந்துவிடும். கணக்கு முடிந்தது. நிலைப்படியில் உட்கார்ந்தபடியே முடிக்கக்கூடிய கணக்கு.

இனி இதைச் சதுரத்தோடு ஒப்பிடுவோம். சதுரத்தில் இரண்டு கோளங்கள் உண்டு. இரண்டும் தம்மைத் தாம் வெட்டுவதில்லை. ஒன்றையொன்று ஒரே இடத்தில் வெட்டும். நம் சரிவகத்தில் −2 உட்கார்ந்திருக்கிறது. வேறு வெளி என்றுதான் முதலில் தோன்றும். ஆனால் பு = மே + சா என்று ஒரு புதிய கணக்கை எடுத்துப் பாருங்கள். பு·பு = −2 + 2 + 0 = 0. பு·சா = 1. சதுரத்தின் கணக்கு அப்படியே வந்துவிட்டது. வளையங்கள் ஒன்றேதான். வெளிகளும் ஒன்றேதான்: சரிவகத்தின் மேல் நிற்கும் வெளியைக் கிழிக்காமல், மடிப்பு விழாமல் சதுரத்தின் மேல் நிற்கும் வெளியாக மாற்றிவிடலாம்.

கீழே மூன்று மேலே இரண்டு என்ற கோலத்தில் மே·மே = −1 என்று வரும். அதில் எத்தனை சாய்வைக் கூட்டினாலும் இரண்டு இரண்டாகத்தான் ஏறும்: −1, 1, 3. சுழி வரவே வராது. இதன் வளையம் வேறு, வெளியும் வேறு.

கோலம் போடுபவர்களுக்கு இதில் ஒரு விஷயம் உடனே பிடிபடும். மேல்வரிசை நடுவில் அமைய வேண்டுமானால், கீழ்வரிசை இரட்டைப்படையாக இருக்கும்போது நேர்ப்புள்ளி போதும். ஒற்றைப்படையாக இருந்தால் இடுக்குப் புள்ளிதான் வைக்க வேண்டும். ஹிர்செப்ருக் பரப்புகளின் முடிவில்லாத வரிசையில் வளையம் காண்பது சரியாக இந்த வேறுபாட்டை மட்டுமே. நேர்ப்புள்ளிக் கோலங்கள் எல்லாம் ஒரே வெளி. இடுக்குப் புள்ளிக் கோலங்கள் எல்லாம் இன்னொரு வெளி. முடிவில்லாத பட்டியல் இரண்டு பெயர்களாகச் சுருங்குகிறது.

நிறைகள்

இம்முறையின் முதல் நிறை, கணக்குக் கைக்கு எட்டும் என்பது. பொதுவாக ஒரு வெளியின் கோஹோமாலஜியைக் கணக்கிடுவது நீண்ட வேலை. டோரிக் மேனிஃபோல்டுகளுக்கோ எழுபதுகளின் இறுதியில் ஜுர்கேவிச், தானிலோவ் இருவரின் தேற்றங்கள் வழியைச் சுருக்கிவிட்டன. விதிகள் இரண்டே வகை: ஒன்றாகச் சந்திக்காத பக்கங்களின் பெருக்கல் சுழி, பக்கங்களின் திசைகளிலிருந்து வரும் நேரியல் உறவுகள். நாம் மேலே செய்தது அதுதான். பரிமாணம் எவ்வளவு ஏறினாலும் விதி இதுவே. 1991-இல் டேவிஸ், யானுஷ்கேவிச் இருவரும் இதே விதியை இன்னும் விரிந்த ஒரு குடும்பத்துக்கும் நிலைநாட்டினார்கள்.

இந்த வரிசையில் சென்னைக்கும் பங்கு உண்டு. 2003-இல் பரமேஸ்வரன் சங்கரனும் வி. உமாவும் சேர்ந்து எழுதிய கட்டுரை, ஓர் அடிவெளியின் ஒவ்வோர் இடத்திலும் ஒரு டோரிக் வெளியை நட்டு எழுப்பும் கட்டடங்களுக்கு இந்த விதியை நீட்டியது. அடிவெளியின் வளையம் தெரிந்தால் போதும். மேல்கட்டடத்தின் வளையத்தை அதன்மேல் எழுதிவிடலாம். தரமணியிலும் ஐஐடி வளாகத்திலும் இன்று டோரிக் இடவியல் படிக்கும் மாணவர்களுக்கு இது கைக்கருவி. தளத்தின்மேல் தளமாக எழுப்பும் இத்தகைய கட்டடங்கள்தான் வகைப்பாட்டுக் கேள்வியின் முக்கியச் சோதனைக்களமாக அமைந்தன என்பதால் இதை இங்கே குறிப்பிடுகிறேன்.

இரண்டாவது நிறை, இதுவரை கிடைத்த வெற்றிகள். நான்கு பரிமாணத்தில் 1970-இல் ஓர்லிக், ரேமண்ட் இருவரும் செய்த வகைப்பாடு, டோரிக் மேனிஃபோல்டுகளுக்கு வளையமே போதும் என்பதைத் தந்துவிடுகிறது. 2008-இல் ஜப்பானைச் சேர்ந்த மிக்கியா மசுதாவும் கொரியாவைச் சேர்ந்த டோங் யூப் சுஹும் கேள்வியைப் பொதுவாகவே எழுப்பினார்கள்: இரண்டு டோரிக் மேனிஃபோல்டுகளின் கோஹோமாலஜி வளையங்கள் ஒன்றானால் வெளிகளும் ஒன்றாகிவிடுமா? 2010-இல் சுயங் சோய் இவ்விருவருடன் சேர்ந்து, தளத்தின்மேல் தளமாக எழும் பாட் கோபுரங்களில் பலவற்றுக்கு ஆம் என்று காட்டினார். கோபுரத்தின் வளையம், வீழ்ப்பு வெளிகள் எனப்படும் எளிய டோரிக் வெளிகளின் பெருக்கத்தின் வளையமாக இருந்தால், எந்தத் தளத்திலும் முறுக்கு இல்லை, கோபுரமே அந்தப் பெருக்கம்தான் என்பது அதில் ஒரு தேற்றம். 2022-இல் சோய், ஹ்வாங், ஜாங் மூவரும் இன்னும் ஆழமாக இறங்கினார்கள். சாதாரண பாட் கோபுரங்கள் இரண்டின் வளையங்களுக்கு இடையில் நாம் எந்தப் பொருத்தத்தைச் செய்தாலும், அதற்கு ஈடான பொருத்தம் வெளிகளுக்கு இடையிலும் இருக்கிறது என்றார்கள்.

எனக்கு மிகவும் பிடித்த வெற்றி 2017-இல் வந்தது. புக்ஸ்டாபர், எரோகோவெட்ஸ், மசுதா, பானோவ், பார்க் ஐவரும் ஐங்கோணமும் அறுகோணமும் மட்டுமே கொண்ட கார்பன் கூடுகள் உள்ளிட்ட ஒரு பெரிய முப்பரிமாணத் திண்மக் குடும்பத்தை எடுத்துக்கொண்டார்கள். அவற்றின்மேல் எழும் ஆறு பரிமாண வெளிகளில் வளையம் வெளியைச் சொல்லிவிடுகிறது. அடியில் இருக்கும் திண்மத்தையும் சொல்லிவிடுகிறது. கோலத்தைப் பார்த்துப் புள்ளியை எண்ணுவது எளிது. இங்கே மாவு கலைந்த பிறகும் புள்ளிகளை மீட்டெடுக்க முடிகிறது.

மூன்றாவது நிறை கேள்வியின் குணம். இடவியலில் தொடங்கிய கேள்வி முழுக்களின் கணிதமாக மாறிவிடுகிறது. தன்னைத்தானே பெருக்கினால் சுழியாகும் உறுப்புகள் எத்தனை, அவை எங்கே இருக்கின்றன என்று தேடுவதே பாட் கோபுரங்களில் பாதி நிறுவல். இளங்கலை மாணவருக்கும் அந்தத் தேடல் புரியும். கடினமான துறை ஒன்றின் வாசல் இவ்வளவு தாழ்வாக இருப்பது அரிது. இதை நான் பெரிய நன்மையாகவே கருதுகிறேன்.

குறை ஒன்று: வளையம் மறப்பவை

நாலு புள்ளிச் சரிவகமும் சதுரமும் ஒரே வெளி என்றேன். இடவியலுக்கு அது சரி. இயற்கணித வடிவியலுக்கு அது சரியில்லை. கலப்பெண் சமன்பாடுகளால் வரையப்படும் வளைவுகளை மட்டும் பார்த்தால், சரிவகத்தின் மேல் −2 என்ற எண்ணைத் தாங்கிய ஒரு வளைவு அசையாமல் நிற்கிறது. சதுரத்தின்மேல் குறை எண் தாங்கிய அத்தகைய வளைவு ஒன்றுகூட இல்லை. நாம் பு என்று எடுத்த கூட்டுக்கணக்கு இடவியலில் கோளம்; சரிவகத்தின் சமன்பாட்டு உலகில் அப்படியொரு தனிக் கோளமே கிடையாது. ஆக, வளையம் இரண்டு பெயர்களாகச் சுருக்கிய பட்டியல் இயற்கணித வடிவியலாருக்கு இன்னமும் முடிவில்லாத பட்டியல்தான்.

இந்த மறதிக்கு மருந்தும் உண்டு. டோரஸின் சுழற்சியையும் கணக்கில் சேர்த்தெழுதும் சமச்சீர்க் கோஹோமாலஜி என்ற விரிவான கணக்கு, டோரிக் மேனிஃபோல்டுகளை இயற்கணித வகையிலேயே பிரித்துக் காட்டிவிடும் என்று 2008-இல் மசுதா நிறுவினார். அதாவது சுருக்கம் எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு நினைவு கூடுகிறது. எந்த அளவு நினைவு நமக்குத் தேவை என்பதை முதலிலேயே சொல்லாமல் 'வகைப்படுத்திவிட்டோம்' என்று எழுதும் வழக்கத்தைத்தான் நான் குறை சொல்கிறேன்.

எண்களைத் தேர்ந்தெடுப்பதிலும் இதே ஆபத்து இருக்கிறது. என் வகுப்பில் ஒரு மாணவி சதுரமும் மூன்று புள்ளிச் சரிவகமும் ஒன்றே என்று கணினியில் காட்டிக்கொண்டு வந்து நின்றாள். கணக்கில் பிழை இல்லை. ஆனால் நிரல் முழுக்களை விட்டுவிட்டு விகிதமுறு எண்களில் ஓடியிருந்தது. மே·மே = −1 என்ற கோலத்தில் மே-யோடு அரைச் சாய்வைக் கூட்டினால் −1 + 1 = 0 ஆகிவிடும். அரையை அனுமதித்த கணத்தில் இடுக்குப் புள்ளி நேர்ப்புள்ளியாகிவிட்டது. அன்று அவளுக்கு நான் சொன்னதைவிட அந்த அரைதான் அதிகம் கற்றுக்கொடுத்தது.

குறை இரண்டு: வலிமை யாருடையது?

வளையம் போதும் என்ற தேற்றங்களைப் படிக்கும்போது வளையத்துக்கு ஏதோ தனிச் சக்தி இருப்பதாக ஒரு மயக்கம் வரும். டோரிக் குடும்பத்தை விட்டு வெளியே காலெடுத்து வைத்தால் அந்த மயக்கம் தெளிந்துவிடும். மூன்று கலப்பெண் பரிமாணமுள்ள வீழ்ப்பு வெளியை எடுத்துக்கொள்வோம். அதன் வளையத்தைவிட எளிய வளையம் இருக்க முடியாது: ஒரே ஓர் உறுப்பு, அதன் நான்காம் படி சுழி. ஆனால் இதே வளையத்தைச் சுமக்கும் வழவழப்பான ஆறு பரிமாண வெளிகள் முடிவில்லாமல் இருக்கின்றன. அவற்றைப் பிரித்துக் காட்டுவது பொந்திரியாகின் வகுப்பு என்ற இன்னொரு கணக்கு; அது 4-இல் தொடங்கி 24, 24-ஆக ஏறியும் இறங்கியும் போகிறது. இத்தனை வெளிகளில் டோரிக் மேனிஃபோல்டு ஒன்றே ஒன்று, வீழ்ப்பு வெளி மட்டும். ஆக, வளையம் இங்கே அடையாளம் கண்டது குடும்பம் முன்கூட்டியே மற்றவர்களை வெளியே நிறுத்தியதால்தான்.

இந்தப் பாடத்தை இதைவிடத் தெளிவாகக் கற்பித்தவர் நம் ஊர்க்காரர். சி. பி. ராமானுஜம் 1938-இல் சென்னையில் பிறந்தவர். வடபழனியிலிருந்து ஆற்காடு சாலை வழியே கோடம்பாக்கம் மேம்பாலம் தாண்டினால் வரும் நுங்கம்பாக்கத்தில், லயோலா கல்லூரியில் படித்தவர். பிரெஞ்சுப் பாதிரியார் சார்லஸ் ரசீன் புதிய கணிதத்தைச் சென்னை மாணவர்களுக்கு அறிமுகப்படுத்திக்கொண்டிருந்த கல்லூரி அது, எம். எஸ். நரசிம்மனும் சி. எஸ். சேஷாத்ரியும் அங்கிருந்து போனவர்கள்தாம். ராமானுஜம் 1957-இல் மும்பை டாடா ஆராய்ச்சி நிறுவனத்தில் சேர்ந்து, 1974-இல் 36 வயதில் மறைந்தார். 1971-இல் அவர் வெளியிட்ட ஒரு கட்டுரை கேட்டது இதுதான்: இடவியல் கணக்குகளை மட்டும் வைத்துக்கொண்டு கலப்பெண் தளத்தை அடையாளம் காண முடியுமா?

அவருடைய எடுத்துக்காட்டு நம் மூன்று புள்ளிக் கோலத்துக்குள்ளேயே இருக்கிறது. அந்த வெளிக்குள் இரண்டு வளைவுகளை அவர் எடுத்தார். ஒன்று, கூர்முனை கொண்ட முப்படி வளைவிலிருந்து வருவது. இன்னொன்று, அதை ஓரிடத்தில் ஐந்து மடங்கு ஒட்டித் தொடும் கூம்பு வளைவிலிருந்து வருவது. நம் எழுத்துகளில் சொன்னால் முதலாவது 3கீ − மே. இரண்டாவது 2கீ − மே. இந்த நான்கு எண்களின் அணிக்கோவை 3×(−1) − (−1)×2 = −1. விடை −1 என்பதால் இந்த இரண்டு வளைவுகளே வெளியின் இரண்டாம் படிக் கணக்கு முழுவதையும் தாங்கிவிடுகின்றன. இவற்றை வெட்டி நீக்கினால் மிஞ்சும் பரப்பின் கோஹோமாலஜி ஒற்றைப் புள்ளியின் கோஹோமாலஜிதான். அந்தப் பரப்பை உள்ளுக்குள்ளேயே சுருக்கி ஒரு புள்ளியாக்கிவிடவும் முடியும். கலப்பெண் தளத்தின் கணக்கும் அதுவே. ஆனால் அந்தப் பரப்பு கலப்பெண் தளம் இல்லை. முடிவிலியை நோக்கி வெகுதூரம் போய் அங்கே ஒரு கயிற்றை வளையமாகப் போட்டால், அதை அங்கேயே இழுத்துச் சுருக்க முடியாதபடி எங்கோ சிக்கிக்கொள்ளும். தளத்தில் அப்படிச் சிக்காது.

இந்தக் கட்டுரையின் பெருமை எதிர்க்காட்டோடு நிற்காததில் இருக்கிறது. என்ன சேர்த்தால் போதும் என்பதையும் ராமானுஜம் அதே இடத்தில் சொல்லிவிட்டார். பரப்பு சுருங்கக்கூடியதாகவும், முடிவிலியிலும் கயிறு சிக்காததாகவும் இருந்தால் அது கலப்பெண் தளமேதான். கணக்கின் பார்வை எங்கே முடிகிறது, அதற்கு அப்பால் எந்த விளக்கை ஏற்ற வேண்டும் என்ற இரண்டையும் ஒரே மூச்சில் சொன்ன கட்டுரை அது. வகைப்பாட்டு முறை ஒன்றை எடைபோட எனக்கு இதைவிட நல்ல தராசு தெரியாது.

குறை மூன்று: ஒப்பிடுவதற்கு ஆகும் விலை

வளையத்தை எழுதுவது எளிது. இரண்டு வளையங்கள் ஒன்றா என்று பார்ப்பது எளிதல்ல. நாலு புள்ளிச் சரிவகத்தில் பு = மே + சா என்ற மாற்றம் கண்ணுக்கு உடனே தட்டுப்பட்டது. அடிப்படை உறுப்புகள் பத்து இருந்தால், பத்துக்குப் பத்து முழுக்களால் ஆன அணிகளில் அணிக்கோவை 1 அல்லது −1 உள்ளவை எல்லாம் தேடலுக்கு வந்து நிற்கும். அவை எண்ணற்றவை. ஆறு பரிமாணத்தில் வளையத்தின் சாரம் ஒரு முப்படி வடிவம். இரண்டு முப்படி வடிவங்கள் முழுக்களுக்குள் ஒன்றா என்பது எண்கணிதத்தில் தனியாகவே ஒரு கடினமான கேள்வி.

இந்த ஆறு பரிமாணத்தில் நிலைமை நன்றாகவே விளங்கியிருக்கிறது. 1966-இல் வாலும் 1973-இல் ஜப்பும் செய்த வகைப்பாட்டின்படி டோரிக் மேனிஃபோல்டு போன்ற ஆறு பரிமாண வெளிகளுக்கு வளையத்தோடு பொந்திரியாகின் வகுப்பும் சேர்ந்தால் போதும். ஆகவே வளையம் மட்டும் போதுமா என்ற கேள்வி, வளையப் பொருத்தம் பொந்திரியாகின் வகுப்பையும் தானாகவே சுமந்துசெல்லுமா என்று சுருங்குகிறது. பாட் கோபுரங்களுக்குச் சுமந்துசெல்லும் என்று சோய், மசுதா, முராய் மூவரும் காட்டியிருக்கிறார்கள். இப்படிக் கேட்கும்போது கேள்வி கூர்மையாகிறது. 'வளையம் போதுமா' என்று மட்டும் கேட்டால் அந்தக் கூர்மை மழுங்கிவிடுகிறது.

குறை நான்கு: காரணம் சொல்லாத 'ஆம்'

இதுவரை வந்த வெற்றிகள் பெரும்பாலும் குடும்பம் குடும்பமாக வந்தவை. குடும்பத்தின் வளையங்களை ஒரு பட்டியலிடுவார்கள். வெளிகளை இன்னொரு பட்டியலிடுவார்கள். இரண்டு பட்டியலும் பொருந்துவதைக் காட்டுவார்கள். நிறுவல் சரியானதே. ஆனால் ஏன் பொருந்த வேண்டும் என்பதற்கு அது பதில் சொல்வதில்லை. 2022-இன் பாட் கோபுரத் தேற்றம் வேறுபட்டு நிற்பது இதனால்தான்: ஒவ்வொரு வளையப் பொருத்தத்துக்கும் ஈடான வெளிப் பொருத்தம் ஒன்றை அது காட்டுகிறது.

பொருத்தம் எப்போதும் கிடைத்துவிடும் என்று நம்பிவிடவும் கூடாது. டோரஸின் சுற்றுகளுக்குப் பதிலாகப் பிரதிபலிப்புகளை வைத்து எழுப்பும் மெய்யெண் வெளிகளில், ஒற்றை இரட்டை மட்டும் பார்க்கும் வளையத்தைக் கொண்டு இதே கேள்வியைக் கேட்கலாம். மெய்யெண் பாட் வெளிகளுக்கு ஆம் என்று 2009-இல் கமிஷிமாவும் மசுதாவும் நிறுவினார்கள். ஒரு படி தாண்டிப் பொதுமைப்படுத்தியதும், இரண்டே தளம் கொண்ட வெளிகளிலேயே விடை இல்லை என்று மாறிவிட்டதை 2010-இல் மசுதாவே காட்டினார். தன் ஊகத்துக்கு அண்டைவீட்டில் எதிர்க்காட்டைத் தானே தேடி எடுத்து வெளியிட்ட அந்த நேர்மையை நான் வணங்குகிறேன். முறையின் எல்லை எங்கே என்று நமக்குத் தெரிந்தது அதனால்தான்.

எடைபோட்ட பிறகு

இந்த முறையைக் கைவிட வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. டோரிக் வெளிகளுக்கு இதைவிட மலிவான, இதைவிடக் கூர்மையான முதல் சல்லடை இல்லை. முடிவில்லாத பட்டியலை இரண்டு பெயர்களாகச் சுருக்கும் ஒரு கருவியை எறிந்துவிட முடியுமா? ஆனால் அதைக் கையாளும்போது மூன்று செய்திகளை ஒவ்வொரு முறையும் சொல்லியாக வேண்டும். எந்தக் குடும்பத்துக்குள் நிற்கிறோம்? எந்த எண்களில் கணக்கிடுகிறோம்? 'ஒன்று' என்றால் இடவியலில் ஒன்றா, இயற்கணிதத்தில் ஒன்றா? இந்த மூன்றையும் சொன்ன பிறகு வரும் ஆமும் இல்லையும் மட்டுமே அறிவு.

நான்காவதாக ஒன்று உண்டு. அதைச் சட்டமாக விதிக்க முடியாது, ஆசையாகத்தான் சொல்ல முடியும். வளையம் தோற்கும் இடத்தில், எதைச் சேர்த்தால் வெல்லும் என்பதையும் தேட வேண்டும். 1971-இல் ராமானுஜம் அதைச் செய்தார். சமச்சீர்க் கோஹோமாலஜியும் பொந்திரியாகின் வகுப்பும் அந்த வழியில் எடுத்து வைத்த அடிகள். நம் ஊரில் இத்துறைக்கு வரும் இளைஞர்கள் 'இன்னொரு குடும்பத்துக்கும் ஆம்' என்று ஒரு கட்டுரை எழுதுவதோடு நின்றுவிடாமல், ஏன் ஆம் என்று கேட்க வேண்டும். கருவிகள் தரமணியில் இருக்கின்றன. கேட்கும் பழக்கத்தை லயோலா வகுப்பறைகள் அறுபது எழுபது ஆண்டுகளுக்கு முன்பே விதைத்துவிட்டன.

ஒரு மார்கழிக் காலையில் எதிர்வீட்டு வாசலின் ஓரத்தில் கீழே நாலு, மேலே இரண்டு என்று நானே புள்ளி வைத்தேன். அக்கா எட்டிப் பார்த்துவிட்டு, "நேர்ப்புள்ளிதானே சார்? ரெண்டுக்கு ரெண்டு சதுரத்துலயே இதைப் போட்டுடலாமே" என்றார். இடவியலுக்கு அவர் சொன்னது முற்றிலும் சரி. பிறகு குனிந்து, சாய்ந்த கோட்டின் மேல் விரல் வைத்துச் சொன்னார்: "ஆனா இந்தச் சாய்வு அதுல வராது."